விரல் தூக்கியவள்

இந்த நாற்காலியை ஏழு வயதுப் பிள்ளைக்கென்று செய்திருக்கிறார்கள். எனக்கு இருபத்தொன்பது. முழங்கால்கள் இரண்டும் மேசை விளிம்புக்கு மேலே வந்து, கூட்டம் எப்போது ஆரம்பிக்கும் என்று எட்டிப் பார்க்கிற மாதிரி நிற்கின்றன. மேசையில் என் மகள் ஆதிரையின் பெயர் அட்டை. அவளே எழுதி, பக்கத்தில் ஒரு மயில் போட்டிருக்கிறாள், மயிலுக்கு நாலு கால். பெற்றோர் எல்லோரும் அவரவர் பிள்ளையின் இடத்தில்தான் உட்கார வேண்டும் என்று ஃப்ராவ் பிரெண்ட்லே சொல்லிவிட்டார். ஃப்ராவ் என்றால் திருமதி. இந்த ஊரில் டீச்சரை மிஸ் என்றோ டீச்சர் என்றோ கூப்பிட மாட்டார்கள், பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், ஒரு டீச்சரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாக்கு அழுகிவிடும் என்று நம்பி வளர்ந்த எனக்கு அது இன்னும் வாயில் வரவில்லை. ஜெர்மனிக்கு வந்த இந்த எட்டு மாதமாக அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்து வருகிறேன். இன்றைக்கு அது நடக்காது. இன்றைக்கு நான் அவரிடம் ஒரு வாக்கியம் பேசியாக வேண்டும், ஒன்றே ஒன்று. என் மகளுக்கு எல்லாம் தெரியும், வீட்டில் அவள் வாய் ஓயாது, தயவுசெய்து அவளை முதல் வகுப்புக்கு இறக்கிவிடாதீர்கள். அவ்வளவுதான். போன வாரம் பள்ளி வாசலில் அவர் என்னை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, ஆஸ்பத்திரியில் சொல்வதைப் போலச் சொன்னார், ஆதிரை வகுப்பில் தன்னைத் தெரிவித்துக்கொள்வதே இல்லை, ஒரு தடவைகூட இல்லை, பாடம் பிடிபடவில்லை போலிருக்கிறது, மறுபடி முதல் வகுப்பில் உட்கார வைத்தால் அவளுக்கு நிம்மதியாக இருக்கும், பெற்றோர் கூட்டம் முடிந்ததும் பேசி முடிவு செய்யலாம் என்று. தன்னைத் தெரிவித்துக்கொள்வது. அப்படி ஒரு வினைச்சொல் ஜெர்மனில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தேன். அறிவித்துக்கொள்ளுதல், ஆஜராதல், போலீசில் பதிவு செய்தல் என்று போட்டிருந்தது. ஏழு வயதுப் பிள்ளை போலீசில் எதைப் பதிவு செய்ய வேண்டும் என்று அன்று ராத்திரி சாதம் இறங்கவில்லை.

நீங்க போங்க, என்னால முடியாது என்று இவரிடம் எவ்வளவோ சொன்னேன். இவர் பெயர் கோமதிசங்கர், கார் கம்பெனியில் வேலை, ஆபீசில் எல்லோரும் ஆங்கிலத்தில் பேசுவதால் ஜெர்மன் இவரை ஒன்றும் செய்யவில்லை. "எனக்கு பஸ் டிக்கெட் எடுக்கத்தான் வரும், நீ ஜெர்மன் பரீட்சை பாஸ் பண்ணினவ" என்றார். பாஸ்தான். எழுத்தில் தொண்ணூற்றிரண்டு, வாசிப்பில் தொண்ணூற்றாறு, பேச்சில் மட்டும் அந்தப் பரீட்சை வாத்தியார் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, தேறுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போட்டார். "பேசவே வராதவளைப் பேச்சுக்கு அனுப்புறீங்களே" என்றேன். "பிள்ளைக்காகப் பேசிருவ செண்பா, வேணும்னா பாரு" என்று சொல்லிவிட்டு அவளுக்குத் தோசை ஊற்றப் போய்விட்டார். அவள் யார் மகள் என்பதுதான் எனக்குப் பயம். கோவில்பட்டியில் என் ரேங்க் கார்டை எடுத்துப் பார்த்தால் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை குறிப்பு என்ற கட்டத்தில் ஒரே வார்த்தை, அமைதியானவள், அமைதியானவள், அமைதியானவள். எட்டாம் வகுப்பில் அதற்காக ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கியிருக்கிறேன். மேடையில் கூப்பிட்டுக் கொடுத்தார்கள், வாங்கும்போது நன்றிகூடச் சொல்லவில்லை, அதற்கும் கைதட்டினார்கள். டீச்சர் வெளியே போனால் லீடர் எழுந்து கரும்பலகையில் பேசியவர்கள் என்று தலைப்புப் போட்டு, கீழே பெயர்களை எழுத வேண்டும், அடங்காமல் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி, பெருக்கல் குறிக்கு ஏற்ற அடி. மூன்று வருடம் நான்தான் லீடர். பேசாதவள் என்பதால்தான் என்னை லீடராக்கினார்கள், எழுதுவதற்கு வாய் வேண்டாமே. எங்கள் ஊரில் பேசியவர்களின் பெயரை எழுதுவார்கள், இங்கே பேசாதவர்களின் பெயரை எழுதுகிறார்கள். இங்கே மார்க்கில் பாதி வாய்க்கு. பரீட்சையில் முழுசாக எழுதினாலும் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை என்றால் பாதி போச்சு. அந்தக் கணக்குப்படி எனக்குக் கொடுத்த எம்எஸ்சி பட்டத்தில் பாதியைத் திருப்பிக் கேட்டால்கூட நான் ஒன்றும் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன்.

வருகைப் பதிவு நடக்கிறது. "ஃப்ராவ் சங்கரபாண்டி?" சங்கரபாண்டி என் அப்பா. பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் அவர் பெயர் இருப்பதால் ஜெர்மனி முழுக்க அவர்தான் நான். பெரிய மீசை, பருத்திக் கமிஷன் மண்டி, அவரைப் போய்த் திருமதி சங்கரபாண்டி என்று ஒரு நாடே கூப்பிடுகிறது. தெரிந்தால் மண்டியைப் பூட்டிவிட்டுச் சண்டைக்கு வந்துவிடுவார். தலையை ஆட்டுகிறேன். வாயைத் திறந்து இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம், பயிற்சியாகவாவது இருந்திருக்கும். பக்கத்து நாற்காலியில், ஆதிரைக்கு அடுத்து உட்காரும் மாத்தில்டாவின் அப்பா, ஹெர் ஹாஃப்னர். ஹெர் என்றால் திரு. அவர் ஆறடிக்கு மேல், அந்தக் குட்டி நாற்காலியில் அவர் உட்காரவில்லை, அதை அணிந்திருக்கிறார். ஆப்பிள் சாற்றில் சோடாவைக் கலந்து கண்ணாடி டம்ளரில் எனக்கு ஊற்றுகிறார். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டுக் குடித்துவிட்டேன். காலி டம்ளரைப் பார்த்துவிட்டு மறுபடி ஊற்றினார். ஊற்றினதை மிச்சம் வைத்தால் மரியாதையில்லையே என்று அதையும் குடித்தேன். நல்ல தாகம்போல என்று மூன்றாவது தடவையும் ஊற்றிவிட்டார். எங்கள் ஊரில் டம்ளரைக் கையால் மூடினால் போதும், இங்கே அப்படி மூடினால் ஈ விழாமல் காக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்களோ என்னவோ. ஃப்ராவ் பிரெண்ட்லே சேற்றுக் கால்சட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். மழைக்காலம் வந்துவிட்டதால் எல்லாப் பிள்ளைகளும் ரப்பர் கால்சட்டை கொண்டுவர வேண்டும், அதைப் போட்டுக்கொண்டு சேற்றில் குதிப்பார்கள். குதித்தால் தப்பில்லை, குதிக்காவிட்டால்தான் டீச்சர் வந்து ஏன் குதிக்கவில்லை, மனசுக்கு என்ன என்று கேட்பார். ஆதிரை கோவில்பட்டியில் யூகேஜி படிக்கும்போது வெள்ளை ஷூவில் ஒரு பொட்டு சேறு இருந்ததற்காக பிரேயரில் வெயிலில் நிறுத்தினார்கள். இங்கே வந்த முதல் மாதத்தில், "அம்மா, இன்னைக்கு ஹோம்வொர்க் சேறு" என்று வந்து நின்றாள். நான் அவளைத் துவைப்பதா திட்டுவதா என்று தெரியாமல் நின்றேன். அவள் ஏமாற்றிவிட்டாளோ என்றுகூட நினைத்தேன். சுவரில் வகுப்பு விதிகள் ஒட்டியிருக்கின்றன. அடிக்கக் கூடாது, அடுத்தவர் பேசும்போது கேட்க வேண்டும், மூன்றாவதாக, அழலாம். அழலாம் என்பது எப்படி ஒரு விதியாகும்? எங்களுக்கெல்லாம் அதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவே இல்லை.

மூன்று டம்ளர். தப்பு செய்துவிட்டேன். அடிவயிற்றில் அது தன்னைத் தெரிவித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. எழுந்து போய்விடலாம், கதவு ஒன்றும் தூரமில்லை. ஆனால் டீச்சர் பேசிக்கொண்டிருக்கிறார், டீச்சர் பேசும்போது எப்படி எழுந்து போவது, கேட்காமல் எப்படிப் போவது? கேட்பதென்றால் என்னவென்று கேட்பது? எந்தச் சொல்லைப் போடுவது? பரீட்சைக்குப் படித்த புத்தகத்தில் வேலைக்கு விண்ணப்பிப்பது, வாடகை வீட்டில் பூஞ்சை பிடித்தால் புகார் சொல்வது, பக்கத்து வீட்டுக்காரர் டிரம்பெட் வாசித்தால் பணிவாக ஆட்சேபிப்பது எல்லாம் இருந்தது, இது மட்டும் இல்லை. சும்மா இரு, முதலில் உன் வாக்கியத்தை நினை. என் மகளுக்கு எல்லாம், வீட்டில் அவள், தயவுசெய்து. ஜெர்மனிலும் சில சமயம் நம்மைப் போல வினைச்சொல் கடைசியில்தான் வரும். அது ஒன்றுதான் அந்த மொழியில் எனக்குச் சொந்தக்காரர் வீடு மாதிரி. ஆனால் வினைச்சொல் வரும்வரை எதிரில் இருப்பவர் காத்திருக்க வேண்டுமே. கால் மேல் கால் போட்டுக்கொள்ளலாமென்றால் முழங்கால் மேசையில் இடிக்கிறது. இப்படி ஒரு நாற்காலியில், இப்படி ஒரு மேசையில், கரும்பலகைக்கு முன்னால் ஒருவர் நின்று பேச, நான் அடக்கிக்கொண்டு உட்கார்ந்து எத்தனை வருடமாகிறது? மூன்றாம் வகுப்பில் எஸ்தர் மிஸ். கணக்குப் போடும்போது யாரும் அசையக் கூடாது. அவசரம் என்றால் வாயைத் திறக்கவே வேண்டாம், ஆள்காட்டி விரலை நேரே தூக்கினால் ஒன்னுக்கு, இரண்டு விரலைத் தூக்கினால் ரெண்டுக்கு. எனக்கு அந்த ஏற்பாடு தெய்வம் கொடுத்த மாதிரி, பேசாமல் காரியம் நடக்குமே. விரலைத் தூக்கிக்கொண்டே இருப்பேன், எஸ்தர் மிஸ் கரும்பலகையிலிருந்து திரும்ப மாட்டார், விரல் வலித்தால் இடது கையால் முட்டுக்கொடுப்பேன், திரும்பினதும், "என்ன செண்பகம், ஒன்னுக்கா? சட்டுனு போயிட்டு வா, வழியில் வேடிக்கை பாக்காதே" என்பார். பதில் தெரிந்தால் முழுக் கையையும் தூக்க வேண்டும். கை வேறு, விரல் வேறு. கையைத் தூக்கி நான் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. விரல் மட்டும் நிறையத் தடவை தூக்கியிருக்கிறேன்.

எல்லோரும் திடீரென்று அமைதியாகிவிட்டார்கள். என்ன ஆயிற்று? கரும்பலகையில் ஃப்ராவ் பிரெண்ட்லே ஏதோ எழுதியிருக்கிறார், பெற்றோர் பிரதிநிதி, தேர்தல். போன வருடம் பிரதிநிதியாக இருந்த அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, விடுதலையான முகத்தோடு எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். "யாராவது முன்வர வேண்டும்" என்கிறார் ஃப்ராவ் பிரெண்ட்லே. ஒருவரும் அசையவில்லை. கூட்டம் கூட்ட வேண்டும், கேக் விற்க வேண்டும், பெற்றோர் எல்லோருக்கும் டீச்சரிடம் சொல்லப் பயமாக இருப்பதையெல்லாம் போய்ச் சொல்ல வேண்டும், யாருக்கு வேண்டும் இது? இந்த அமைதி எனக்குத் தெரியும். வீட்டுப்பாடம் எழுதாதவர் யார் என்று கேட்டதும் வருகிற அமைதி. பெரிய பெரிய ஜெர்மானியர்கள், எஞ்சினியர்கள், ஒரு பல் டாக்டர், எல்லோரும் குனிந்து சொந்த ஷூவை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். ஹெர் ஹாஃப்னர் மாத்தில்டாவின் பென்சில் டப்பாவைத் திறந்து பென்சில்களை உயர வாரியாக அடுக்குகிறார். யாரும் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் இவர்களும் கெட்டிக்காரர்கள்தான் என்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருக்கிறது. ஆனால் அமைதியில் மற்ற எல்லாம் கூடுதலாகத் தெரியும் அல்லவா, கடிகாரம், மழை, மூன்றாவது டம்ளர். இப்போது யாரும் பேசவில்லை, இதுதான் சமயம், யாரையும் இடைமறிக்க வேண்டாம், மெதுவாக, இப்போதே. என் வலது கை மேசையை விட்டு எழுகிறது. நான் எழுப்பவில்லை, அதுவாக எழுகிறது, மற்ற விரல்கள் மடங்கிக்கொள்கின்றன, ஆள்காட்டி விரல் நேரே, எஸ்தர் மிஸ்ஸுக்குத் தெரிகிற உயரத்தில். "ஃப்ராவ் சங்கரபாண்டி!" என்று கத்தினார் ஃப்ராவ் பிரெண்ட்லே. என் வாழ்க்கையில் எந்த டீச்சரும் என் அப்பாவின் பெயரை இவ்வளவு ஆனந்தமாகச் சொன்னதில்லை. "ஃப்ராவ் சங்கரபாண்டி தன்னைத் தெரிவித்துக்கொண்டார்!" இருபது தலைகள் ஷூவிலிருந்து நிமிர்ந்தன. நான் எழுந்தேன். நாற்காலியும் கூட எழுந்தது. இலக்கணம் பிசகாமல் முழு வாக்கியமாகச் சொல்லிவிடுவோம் என்று, "நான் கட்டாயம்..." என்று ஆரம்பித்தேன். ஜெர்மனில் அந்த இடத்தில் கட்டாயம் முதலில், கழிவறை நடுவில், போவது கடைசியில். கட்டாயத்துக்கு மேல் நான் போகவே இல்லை. "கட்டாயமாம்! கடமைன்னு சொல்றாங்க!" என்றார் பல் டாக்டர், எல்லோரும் விரல் முட்டியால் மேசையை டொக்டொக்கென்று தட்டினார்கள். இங்கே அது கைதட்டல், எங்கள் ஊரில் மேசையைத் தட்டினால் வாயை மூடு என்று அர்த்தம். மூடிக்கொண்டேன்.

"எதிர்த்துப் போட்டி யாராவது?" சிரிக்கிறார்கள். முடிந்தது, நான் பிரதிநிதி. நாடு விட்டு நாடு வந்து, பேசாதவள் என்று மறுபடி லீடராகிவிட்டேன். இதை இவரிடம் எப்படிச் சொல்வது, அப்பாவிடம் சொல்லவே வேண்டாம், மண்டியில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துவிடுவார். அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை. ஹெர் ஹாஃப்னர் பக்கம் குனிந்து, வெட்கத்தை விட்டு ஒரே சொல்லாக, "டாய்லெட்?" என்றேன். "அதைக் கேக்கவே வேண்டாமே" என்று அவர் கதவைக் காட்டினார். கதவில் ஒரு மர மீன் தொங்குகிறது, ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு. போகிறவர்கள் மீனைச் சிவப்புப் பக்கம் திருப்பிவிட்டுப் போக வேண்டியது, வந்ததும் பச்சைக்குத் திருப்ப வேண்டியது. ஏழு வயதுப் பிள்ளை யாரையும் கேட்காமல் தானே எழுந்து, மீனைத் திருப்பி, போய்விட்டு வருகிறதாம். இருபத்தொன்பது வயதில் நானும் மீனைத் திருப்பினேன். உள்ளே எல்லாமே குட்டி. உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கிறது. அப்பாடா. அப்பாடா என்று சொன்ன அந்த நொடியில்தான், எதிர்ச் சுவரில் யாரோ கிறுக்கியிருந்த சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த வினைச்சொல் வந்து மண்டையில் தட்டியது. தன்னைத் தெரிவித்துக்கொண்டார் என்று சொன்னாரே, நான் வாயைத் திறக்கும் முன்பே சொன்னாரே. விரலைப் பார்த்துத்தானே சொன்னார்? அப்படியென்றால் இங்கே அந்த விரல்தான் தெரிவித்துக்கொள்வது. பதில் தெரிந்தவர்கள் தூக்குகிற விரல். வைகாசி மாதம்போல ஒரு நாள் ஆதிரை தோசையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப வருத்தமாகச் சொன்னது இப்போது அவள் குரலிலேயே கேட்கிறது. "அம்மா, எங்க கிளாஸ்ல பாவம்மா, எல்லாருக்கும் எப்பப் பாத்தாலும் ஒன்னுக்கு வருது. விரலத் தூக்கிக்கிட்டே இருக்காங்க. மிஸ் விடவே மாட்டேங்காங்க, கேள்வி கேக்காங்க. அவங்களும் பாவம் அடக்கிக்கிட்டே பதில் சொல்லுதாங்க. பக்கத்துல மாத்தில்டா இருக்கால்ல, அவளுக்குத்தான் ரொம்ப மோசம், சீட்ட விட்டே எந்திரிச்சிருதா. முடியாதவங்க மீனத் திருப்பிட்டு ஓடிருதாங்க." குளிர் ஊர், அப்படித்தான் இருக்கும், நீ தோசையைச் சாப்பிடு என்றேன். "நான் ஒரு தடவகூடத் தூக்குனதில்லையே, வீட்லயே போயிட்டு வந்துருதேன்லா" என்றாள், சோப்பு டப்பா வாங்கிய முகத்தோடு.

கையைக் கழுவினேன், கழுவும் தொட்டி முழங்கால் உயரத்தில். கண்ணாடியில் என் வயிறு மட்டும் தெரிந்தது. முகம் எப்படி இருந்ததோ. சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது, அழலாம் என்று விதியே இருக்கிறது. ஆனால் இதைச் சொல்ல வேண்டுமே. கூட்டம் முடிந்து அவர் தனியாக வரும்வரை காத்திருக்கலாம். அதற்குள் தைரியம் தண்ணீர் மாதிரி வடிந்துவிடும், எனக்குத் தெரியும், என் தைரியத்தின் ஆயுள் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளே வந்து மீனைப் பச்சைக்குத் திருப்பினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பிரதிநிதி அல்லவா. "ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்றார் ஃப்ராவ் பிரெண்ட்லே, மரியாதைக்குத்தான் கேட்டார், இல்லை என்று தலையாட்டியிருந்தால் விட்டிருப்பார். மனப்பாடம் செய்த வாக்கியத்தைத் தேடினேன், அது எங்கேயோ போய்விட்டது, அதன் இடத்தில் வேறு ஒன்று நின்றது. விரலைத் தூக்கினேன். "ஃப்ராவ் பிரெண்ட்லே," என்றேன், நாக்கு அழுகவில்லை. "எங்கள் ஊரில் இது பதில் இல்லை. இது," எல்லோரும் காத்திருந்தார்கள், பல் டாக்டர் பேனாவைக்கூட எடுத்துவிட்டார், "இது பிப்பி." ஒன்னுக்குக்கு ஜெர்மனில் அந்த ஒரு சொல்தான் எனக்குத் தெரிந்திருந்தது, ஆதிரை கற்றுக்கொடுத்தது. "நான் பிரதிநிதியாக விரும்பவில்லை. நான் பிப்பி. ஆதிரையும் அப்படித்தான் நினைக்கிறாள். இந்த வகுப்பில் எல்லாருக்கும் நாள் முழுக்கப் பிப்பி வருகிறது என்று நினைக்கிறாள். அவளுக்கு வரவில்லை. அதனால் தூக்குவதில்லை." என் வாழ்நாளிலேயே ஜெர்மனில் நான் சேர்ந்தாற்போலப் பேசிய மிக நீளமான பேச்சு அது, அதில் இரண்டு பிப்பி அதிகம்.

முதலில் ஹெர் ஹாஃப்னர்தான். அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி கிரீச்சிட்டது, பிறகு வகுப்பே சிரித்தது. ஃப்ராவ் பிரெண்ட்லே மட்டும் சிரிக்கவில்லை. மேசை நுனியில் மெல்ல உட்கார்ந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டார். "முதல் வாரத்தில் அவள் கையைத் தூக்கினாள்," என்றார். "முழுக் கை, நேராக நீட்டி. இந்த நாட்டில் கையை அப்படி நீட்டினால் வேறு ஏதோ வணக்கம் மாதிரி இருக்கும், எங்கள் பழைய வரலாறு உங்களுக்குத் தெரியுமே. நான் பக்கத்தில் போய், அன்பாகத்தான், அவள் விரல்களை மடக்கிவிட்டு ஒரே ஒரு விரலை மட்டும் விட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் எழுந்து கழிவறைக்குப் போய்விட்டாள்." இப்போது யாரும் சிரிக்கவில்லை. போகச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று, வராமலே போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்திருப்பாள், என் பிள்ளை, டீச்சர் சொன்னால் தட்டவே மாட்டாள். "எழுத்தில் அவள் ஒரு தப்பும் விடுவதில்லை," என்றார், யாரிடமோ சண்டை போடுகிற குரலில், தன்னிடமேதான் என்று நினைக்கிறேன். "முதல் வகுப்பெல்லாம் வேண்டாம். மறந்துவிடுங்கள். நாளைக்கு விரல், கை, கால், எதைத் தூக்கினாலும் அவளைத்தான் முதலில் கேட்பேன்." நன்றி என்று சொன்னேன். சத்தமாகவே வந்தது. அப்போது பல் டாக்டர் தொண்டையைக் கனைத்து, "அப்படியானால் இந்தத் தேர்தல் செல்லாதா?" என்றார். அறையில் விழுந்த பயத்தைப் பார்க்க வேண்டுமே. மறுபடி இருபது தலைகள் ஷூவை நோக்கிப் போக ஆரம்பித்தன. ஹெர் ஹாஃப்னர் பென்சில் டப்பாவைத் திறந்துவிட்டார். "விரல் தூக்கினாங்களா, தூக்கினாங்க," என்றார் அவர், "எதுக்குத் தூக்கினாங்கன்னு சட்டம் கேக்காது." எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், தீபாவளிக்கு முந்தின நாள் லீவு கேட்கிற பிள்ளைகள் மாதிரி. பாவமாக இருந்தது. "சரி, இருக்கேன்" என்றேன். மேசைகளை அவர்கள் தட்டின தட்டில் நாலு கால் மயில் கவிழ்ந்து விழுந்தது.

வெளியே மழை விட்டிருக்கிறது, இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கிறது. நடக்கிறேனா மிதக்கிறேனா தெரியவில்லை. பேசிவிட்டேன். இருபது பேர் முன்னால் பிப்பி என்று சொல்லியும் இன்னும் உயிரோடு இருக்கிறேன். ஃபோன் அடிக்கிறது. "என்ன ஆச்சு? பேசினியா?" என்கிறார் இவர். பேசினேன், இறக்க மாட்டாங்களாம் என்கிறேன். எப்படி, என்ன சொன்னே என்று இவர் கேட்டு முடிப்பதற்குள் ஆதிரை ஃபோனைப் பிடுங்கிவிட்டாள். அவளிடம் சொல்கிறேன், இந்த ஊர்ல விரலைத் தூக்கினா ஒன்னுக்கு இல்ல பாப்பா, எனக்குப் பதில் தெரியும்னு அர்த்தம், நாளைக்கு நீயும் தூக்கணும். "வரலைன்னாலும் தூக்கலாமா?" என்கிறாள். தூக்கலாம் என்கிறேன். "அப்ப மாத்தில்டாவுக்கு ஒன்னுக்கு வரலையா?" இல்ல பாப்பா, பதில் தெரிஞ்சுதான் அவ தூக்குதா. "எல்லாத்துக்குமா?" எல்லாத்துக்கும்தான். பிறகு ரொம்பச் சின்னக் குரலில், "அம்மா, நான் அவ தண்ணி பாட்டில எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன்." எதுக்குடா? "தண்ணி குடிக்கலைன்னா வராதுல்ல. பாவம்னு வெச்சேன்." எத்தனை பாட்டில் என்று கேட்கிறேன். "அவங்கப்பா வாங்கித் தர வாங்கித் தர." எங்கே? "ஜிம்ல, பெரிய மெத்தைக்குப் பின்னாடி. ரொம்ப இருக்கும்மா." நிமிர்ந்து பார்க்கிறேன். பள்ளி வாசலில் ஹெர் ஹாஃப்னர் ஹெல்மெட்டை மாட்டி, சைக்கிளில் ஏறி, எனக்குக் கையசைத்துவிட்டுக் கிளம்புகிறார். பெற்றோர் பிரதிநிதிக்கு வந்திருக்கும் முதல் விவகாரம், திருடியவள் என் மகள், பறிகொடுத்தவர் தெருத் திருப்பத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். நாளைக்குள் மனிதர் இன்னொரு பாட்டில் வாங்கிவிடுவார். "ஹெர் ஹாஃப்னர்!" என்று கத்துகிறேன். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், அவரைத் தவிர. ஃபோனைக் கைப்பையில் போட்டுவிட்டு, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டபடி ஓடுகிறேன்.